ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம்

சிவப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது என்று மாசிலாமணி தன்னைத் தானே திருத்திக்கொண்டான். காலையில் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் போனபோது சிவப்பாகத்தான் போயிற்று. இங்கே, ஆஸ்பத்திரிக் கழிப்பறையின் வெள்ளை விளக்கடியில், மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது அது சிவப்புக்கும் பழுப்புக்கும் நடுவே எதுவோ ஒன்றாக இருந்தது. உறையூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். லேசாக நிறம் ஏற்றிய லென்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் இது தேன், இது புகை, இது செம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தே பாதி ஆயுள் போயிருக்கிறது. தன் மூத்திரத்துக்கு ஒரு நிறம் சொல்ல அவனால் முடியவில்லை. லேப் ஜன்னலில் டப்பாவை நீட்டினான். உள்ளே இருந்த பெண் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டி மற்ற டப்பாக்களோடு வைத்தாள். பார்த்து முகம் சுளித்திருந்தாலும் தேவலை, ஒரு சேதியாவது கிடைத்திருக்கும். ஊசி குத்தி ரத்தமும் எடுத்துக்கொண்டு, "உக்காருங்க சார், கூப்பிடுவோம்" என்றாள். உட்காருவதுதான் இன்றைக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். சுவரை ஒரு கையால் பிடித்து, மறு கையை இரும்பு நாற்காலியில் ஊன்றி, பாதி தூரம் இறங்கியதும் தொடை இரண்டும் கழன்றுகொள்ள, மீதி தூரத்தைத் தொப்பென்று விழுந்து கடந்தான். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். வாதம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். தோப்புக்கரணம் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

மாடியில் செண்பகம் படுத்திருப்பாள். அவளுடைய ரத்தம் ஒரு குழாய் வழியாக மிஷினுக்குள் போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். வாரத்தில் மூன்று நாள் இதுதான் வேலை. நாலு மணி நேரம். வழக்கமாக அவன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அந்தக் குழாய்களைப் பார்க்காமல், ஜன்னல் வழியே தெரியும் பால்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பெண்டாட்டியிடம் பொய் சொல்வது புதிதில்லை, ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது. அவன் உடம்புக்குள் இருக்கிற இரண்டில் ஒன்று அவளுடையது. இடது பக்கத்தது. ரத்த வகை ஒத்துப்போய், ஸ்கேன் ஒத்துப்போய், கடைசியாக இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்க்கிற கிராஸ் மேட்ச்சும் ஒத்துப்போய், ஆவணி பிறந்ததும் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கே டாக்டர் சொன்னார், "இனிமே இது உங்க கிட்னி இல்ல சார், உங்க மனைவியோடது, நீங்க பத்திரமா வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்." அந்தப் பேச்சு அப்போது பிடித்திருந்தது. இப்போது அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பத்திரமாக வைத்திருக்கச் சொன்னதை என்ன செய்தாய் மாசிலாமணி. ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். யார் போடச் சொன்னது. யாரும் சொல்லவில்லை.

யாரும் சொல்லவில்லை என்பது மட்டுமில்லை, வேண்டாம் என்றும் சொன்னார்கள். தெருமுக்குப் பிள்ளையார் கோயில் குருக்களே சொன்னார். "நூத்தெட்டு போதும் சார், பிள்ளையார் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார், மீதியைச் சதுர்த்திக்குச் சதுர்த்தி போட்டுக்கோங்கோ" என்றார். செண்பகம் கோயில் படியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, இன்னிக்கே முடிக்கணும்னு என்ன அவசரம்" என்றாள். அவன் கேட்கவில்லை. நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற உடம்பு. மாடிப்படி ஏறினாலே மூச்சு முன்னால் போகும், ஆள் பின்னால் போவான். அந்த உடம்பு இடது கையால் வலது காதையும் வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தது, உட்கார்ந்து எழுந்தது. பாதிக்கு மேல் தொடை எரிந்தது. அப்புறம் எரிச்சலும் போய் ஏதோ அடுத்தவன் கால் மாதிரி ஆயிற்று. முடித்தபோது குருக்கள் பிடித்துத்தான் திண்டில் உட்கார வைத்தார். அன்றைக்கு வலி இல்லை. மறுநாள் வந்தது. அதற்கு மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியாமல் கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கினான். இன்றைக்குக் காலையில் நிறம். அதை ரெஜினாவிடம்தான் சொன்னான். மாடியில் டயாலிசிஸ் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற பெண், இரண்டு வருஷப் பழக்கம், அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வராந்தாவில் நிறுத்திக் காதோடு காதாகச் சொன்னதும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "வலி மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?" என்றாள். இல்லையம்மா, கிட்னி கொடுக்கிறவன் அதைத் தொடக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள். "அண்ணே, பழக்கமில்லாத ஆளு ஒரேயடியா பண்ணா தசை உடையும். உடைஞ்ச தசையோட சாறு ரத்தத்துல கலந்து கிட்னியில போயி அடைக்கும். போன வருஷம் ஜிம்முல சேந்த ஒரு தம்பி, முதல் நாளே ஓவரா பண்ணிட்டு வந்து, இதோ இந்தப் பெட்டுலதான் கெடந்தான்" என்று கதவு வழியே செண்பகத்தின் கட்டிலுக்கு எதிரே இருந்த கட்டிலைக் காட்டினாள். அப்புறம் டாக்டரிடம் கேட்டு டெஸ்ட் எழுதி வாங்கி வந்து, "ஓடுங்க" என்றாள். அவனால் எங்கே ஓட முடிந்தது.

தசை உடையும். அவள் சொன்ன அந்த வார்த்தையைத்தான் மனசு திரும்பத் திரும்ப எடுத்து மென்றது. எலும்பு உடையும், கண்ணாடி உடையும். கண்ணாடி உடைந்தால் சத்தம் கேட்கும், துடைப்பத்தால் கூட்டி அள்ளலாம். தொடைக்குள் சத்தமில்லாமல் உடைந்து, சாறாகி, அவள் பாகத்தைத் தேடிக்கொண்டு போய் அடைக்கிறது. இந்த நிமிஷமும் அடைத்துக்கொண்டிருக்கிறதா. இடுப்புக்கு மேலே, இடது பக்கம், முதுகில் கையை வைத்துப் பார்த்தான். அங்கே ஒன்றும் தெரியவில்லை. நல்லதா கெட்டதா. இல்லை, பீட்ரூட்டாகத்தான் இருக்கும். பீட்ரூட்டை நினைத்தவுடன் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மூன்று நாளாக அவன் பீட்ரூட் சாறுதானே குடிக்கிறான். வலி மாத்திரை கூடாது என்றதும் செண்பகம்தான் யூடியூபில் யாரோ ஒரு அம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து ஆரம்பித்தாள். பீட்ரூட்டின் சிவப்புக்கே ஒரு குணம் உண்டாம், ரத்தக் குழாயை விரித்துக் கொடுக்குமாம், ஓட்டப் பந்தயக்காரர்கள் எல்லாம் குடிப்பார்களாம், தசைக் கட்டு இளகுமாம். ராத்திரிக்கு மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால். நடுவே மாதுளம்பழம். ஓட்டப் பந்தயக்காரன் என்று தன்னை நினைத்துப் பார்த்து அப்போது சிரித்தான்கூட. அவர்கள் வீட்டுக்குள் பீட்ரூட் வந்தே இரண்டு வருஷம் இருக்கும். அவளுக்குப் பொட்டாசியம் ஆகாது. பீட்ரூட், தக்காளி, இளநீர், வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாகப் படி இறங்கிப் போய்விட்டன. அவள் சாப்பிட முடியாததை அவள் கையாலேயே அரைத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல், வடிகட்டி, டம்ளரை நீட்டினாள். ஆக, பீட்ரூட். எல்லாம் சரி. ஆனால் முந்தாநாளும் குடித்தோமே, அப்போது வெள்ளையாகத்தானே போயிற்று. நேற்றும் குடித்தோமே, நேற்றும் ஒன்றுமில்லையே. பீட்ரூட் என்றால் முதல் நாளே அல்லவா வந்திருக்க வேண்டும். இந்த இடத்துக்கு வந்ததும் மூச்சு மறுபடி மேலே ஏறிக்கொண்டது. இத்துடன் இந்தச் சுற்றை எத்தனை தடவை சுற்றினானோ, செக்கு மாடு தோற்றுப் போகும். பீட்ரூட், அப்பாடா, முதல் நாளே வரவில்லையே, ஐயோ. மறுபடி பீட்ரூட்.

ஒருவேளை கிட்னி போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தான். யோசிக்காதே என்றால் மனசு கேட்கிறதா. அடுத்த ஆள் யார். ஓசூரில் வேலை பார்க்கிற பையன் நிரஞ்சன். முதலில் அவன்தான் முன்னால் வந்தான். செண்பகம் காதைப் பொத்திக்கொண்டு, "எம் புள்ளையோடதை நான் தொட மாட்டேன், செத்தாலும் தொட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். இப்போது அப்பாவுடையது கெட்டுப்போயிற்று என்று தெரிந்தால் அவன் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்குவான், இவள் மறுபடி காதைப் பொத்துவாள், இப்படியே மிஷினிலேயே கிடந்து, நரம்பெல்லாம் தடித்து, அப்புறம். அப்புறம் என்பதற்கு மேல் அவன் மனசு போகாது. அங்கே ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை விட்டால் இன்னொரு கதவு, அதைத்தான் காலையிலிருந்து அவன் பார்க்காத மாதிரி கடந்து கடந்து போய்க்கொண்டிருந்தான். இரும்பு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு நேரந்தான் கடக்க முடியும். கிராஸ் மேட்ச் முடிவு வருவதற்கு முன்னால் இதே ஆஸ்பத்திரி வாசலில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசல் பிள்ளையார் முன்னால் நின்றான். செண்பகம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவனும் மூடினான். மூடியவுடன், அவன் யோசித்து வைத்திருந்த வேண்டுதல் எல்லாம் எங்கேயோ போய்விட, உள்ளேயிருந்து இரண்டே வார்த்தை வந்தது. சேரக் கூடாது.

அவன் சொல்லவில்லை, அதுவாக வந்தது என்று பிற்பாடு தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தான். எடுபடவில்லை. கத்தியைப் பற்றிய பயம் அது. அவன் ரத்தத்தைப் பார்க்காத ஜாதி. ஷேவ் செய்யும்போது கீறினாலே கண்ணாடியை விட்டுத் திரும்பிக்கொள்கிறவன். சின்னக் கீறல்தான் சார் என்று டாக்டர் விரலால் காற்றில் காட்டிய அளவு அவனுக்கு இரவு முழுக்க நீண்டுகொண்டே போகும். மயக்க மருந்து கொடுத்துத் திரும்பி எழாமல் போனவர்கள் என்று யார் யார் பேரோ காதில் விழும். அதனால் வந்தது, சேரக் கூடாது. மறுநாள் முடிவு வந்தது, சேர்ந்துவிட்டது. செண்பகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் வாசலுக்கு வந்தபோது பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலம்தான் வீட்டில் சொன்னான், மேட்ச் ஆனால் ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன் என்று. வேண்டுதலே இல்லை அது, தண்டனை. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னவனுக்கு வாத்தியார் கொடுக்கிற அதே தண்டனை. காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிற ஒவ்வொரு தடவையும் தப்பு, தப்பு, தப்பு என்றுதான் உள்ளே எண்ணிக்கொண்டான். நூற்றெட்டு எப்படிப் போதும். இப்போது பார்த்தால், பிள்ளையார் தண்டனையை ஏற்றுக்கொள்ளவே இல்லையோ என்று தோன்றுகிறது. முதலில் கேட்டதைத்தான் கொடுக்கிறார். கொஞ்சம் தாமதமாக, அவன் காலாலேயே, கேட்டதைக் கேட்டபடி. சேரக் கூடாது என்றாயே, இந்தா. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குக் கீழே கிடந்தது. ரிப்போர்ட் கெட்டதாக வந்தால் நாம் அழுவோமா, இல்லை உள்ளே எங்காவது ஒரு மூலையில் ஒருத்தன் அப்பாடா என்பானா. வலிக்கிற தொடையை அழுத்திப் பார்ப்பதுபோல அந்த மூலையை அழுத்திப் பார்த்தான். தெரியவில்லை. ஒருத்தன் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். ரிப்போர்ட் வரவே கூடாது என்று நினைத்தான். நினைத்தவுடன், ஐயையோ இதுவும் வேண்டுதலாகிவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"மாசிலாமணி சார்." ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் பெண். அவன் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் இன்னொருவருக்கு ரத்தமே எடுத்து முடித்திருப்பாள். "உங்க ரிப்போர்ட்டை மேல கேட்டாங்க சார், அனுப்பிட்டோம். போயிப் பாருங்க." ஏன் கேட்டார்கள், அவசரமா, ஏதாவது. "டாக்டர்தான் சொல்லணும் சார்" என்று அவள் அடுத்த டப்பாவை எடுத்தாள். நல்லதாக இருந்தால் இவளே சொல்லியிருப்பாளே. சொல்லாததால் கெட்டது. லிப்டில் ஒரு சக்கர நாற்காலிக் கிழவர், அவரைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர், இவன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். சொல்லிவிடலாம். செண்பா, உன்னுடையதை நான் கெடுத்துவிட்டேன். இல்லை, முதலில் டாக்டர் சொல்லட்டும். இல்லை, நிரஞ்சனுக்கு முதலில் போன் போட வேண்டும். லிப்ட் மாடிக்கு வந்து நின்று கதவும் திறந்துவிட்டது. அவன் கால் நகரவில்லை. "எறங்குங்க சார்" என்றார் சக்கர நாற்காலிக்காரர்.

ரெஜினா செண்பகத்தின் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒளித்த காரியம் எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று இருவர் முகத்தையும் பார்த்தவுடனே புரிந்தது.

"டீக்கடை என்ன ஸ்ரீரங்கத்துலயா இருக்கு?" என்றாள் செண்பகம்.

அவன் ரெஜினாவையே பார்த்தான். அவள் கையில் இருந்த தாளை மடித்தாள். "டாக்டர் பாத்துட்டாருண்ணே. மூத்திரத்துல ரத்தமும் இல்ல, தசையோட சாறும் இல்ல. கிட்னியோட கணக்கு சொல்ற கிரியாட்டினின் எப்பவும் உள்ளதுதான். ரத்தத்துல தசைக்குண்டான அளவு மட்டும் ஏறியிருக்கு, அவ்வளவு போட்டா ஏறாதா. தண்ணி நெறையக் குடிக்கணும், கொஞ்ச நாளைக்குக் குனிஞ்சு நிமிரக் கூடாது, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாக்கணும்னாரு. நல்லா திட்டவும் சொன்னாரு, அதை அக்கா பாத்துக்குவாங்க. அப்புறம், பீட்ரூட் ஏதாச்சும் சாப்பிட்டாரான்னு கேக்கச் சொன்னாரு."

"மூணு நாளா குடிக்கிறேன்" என்றான் அவன். "இன்னிக்கு மட்டும் எப்படி."

செண்பகம் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "இன்னிக்குத்தானே பச்சையா அரைச்சேன்" என்றாள். "முந்தாநேத்தும் நேத்தும் கைப்பழக்கத்துல எனக்குச் செய்யற மாதிரியே நறுக்கி வெந்நியில போட்டு, தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு அரைச்சுட்டேன். காலையிலதான் மண்டையில ஒறச்சிச்சு, பொட்டாசியம் எனக்குத்தானே ஆகாது, இவருக்கு எதுக்கு வடிக்கிறோம்னு. சாயம் சத்து எல்லாம் ரெண்டு நாளா சாக்கடைக்குப் போயிருக்கு. அதான் வலியும் விடல."

ரெஜினா சிரித்துக்கொண்டே அந்தக் கோடி மிஷின் கூவியதைப் பார்க்கப் போனாள். மாசிலாமணி ஸ்டூலில் விழுந்தான். இரண்டு வருஷமாக அவர்கள் வீட்டில் எந்தக் காயும் வெந்நீரில் முங்கி வெளுக்காமல் அடுப்பு ஏறியதில்லை. முருங்கைக்காய் முதல் கீரை வரை எல்லாம் தன் குணத்தைத் தொட்டித் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் வந்தன. அவனும் அதையே தின்று பழகியவன், டம்ளரில் நிறம் வெளுத்திருந்ததை அவன்கூடக் கவனிக்கவில்லை. பெரிய கண்ணாடிக் கடைக்காரன். இப்போது அந்த மூலையைப் பார்க்க வேண்டும். பயந்து பயந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அப்பாடா என்று ஒருத்தன் சொன்னான். ஆனால் அவன் வேறு அப்பாடா சொன்னான். அவளுடையது கெடவில்லை என்கிற அப்பாடா. பயம் போகவில்லை, அது அப்படியேதான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து பேய் மாதிரி சுற்றியது போய், கத்திக்குப் பயப்படுகிற சாதாரண பயமாக, நாலு பேருக்கு உள்ளது மாதிரி, மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே சொல்லலாம் போலக்கூட இருந்தது.

"செண்பா, எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வேண்டுதல் பலிச்சவன் அழுதுக்கிட்டா தோப்புக்கரணம் போடுவான்? படியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"வேர்வைன்னு சொன்னேனே."

"வேர்வைக்கு மூக்கை உறிஞ்சுவாங்களா?" அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகலை. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்களைக் கோவிச்சுக்க மாட்டேன்."

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன். வேணாம்னு சொல்லல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அதற்குள் ரெஜினா வந்து ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள். இந்தத் தடவை அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. குழாயில் மிச்சமிருந்த சிவப்பைப் பார்த்தான். இனி மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

"வாசல் பிள்ளையார்கிட்ட அன்னிக்கு, கண்ணை மூடினப்ப, சேரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

செண்பகம் பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் நீவி, மறுபடி பஞ்சின் மேல் அழுத்திக்கொண்டாள். அந்த நேரம் அவனுக்கு ஆயிரத்தெட்டையும் மறுபடி போடுகிற நேரமாக இருந்தது.

"நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். "நல்லா இருக்கிற மனுசன் வயித்தைக் கீறி எடுத்து நான் எழுந்து நடக்கணுமான்னு. சேந்துடுச்சுன்னதும் அழுதேனே, அது சந்தோஷம்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மாதிரி கேட்டும் கொடுக்காமல் விட்ட பிள்ளையாரை வாசலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"அப்ப நீயும் தோப்புக்கரணம் போடணும்" என்றான்.

"எனக்கு மூச்சு வாங்கும். எனக்கும் சேத்துத்தான் போட்டுட்டீங்களே, ரெண்டு பேருக்கும் தாராளமா வரும்." அவள் காலைக் கீழே இறக்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நின்றாள். அவன் எழப் பார்த்தான். பாதியிலேயே தொடை கைவிட்டது, மறுபடி ஸ்டூலில் விழுந்தான். ஊசி குத்தாத கையை அவள் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.